கொட்டகையில் மூன்று கியர்பாக்ஸ்

அன்புள்ள ஷ்யாம்சுந்தர்,

பொருள் பார்த்து வாங்குவதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. கத்திரிக்காயானாலும் சரி, மனையானாலும் சரி, நான் தொட்டுப் பார்த்து எடுத்தது சோடை போனதில்லை. எங்கள் வீட்டில் அது என் வேலை. வேதாவுக்குப் புடவை எடுத்தது நான். மகள் சுப்ரஜாவுக்குக் கல்லூரி பார்த்தது நான், மாப்பிள்ளை பார்த்ததும் நான்தான். தொழிற்பயிற்சி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் மோட்டார் மெக்கானிக் வகுப்பு எடுத்தவனுக்கு நல்லது எது, சொத்தை எது என்று தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் காரை விலைக்குப் பார்க்க வந்தபோது கொட்டகையில் கிடந்த மூன்று கியர்பாக்ஸ்களையும் பார்த்துச் சிரித்தீர்கள். "இந்த வேலையை ஹாஜா மைதீன்ட்ட மட்டும் குடுக்கக் கூடாது சார். மூணையும் வீணடிச்சது அவராமே" என்றீர்கள். காபி ஆறுகிறது என்று சொல்லி நான் பேச்சை மாற்றிவிட்டேன். அது தப்பு. காரின் ஆர்.சி. புத்தகத்தோடு இந்தக் கடிதத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கார் என்னுடையதல்ல, வேதாவின் அப்பாவுடையது. அவர் சானடோரியம் பக்கம் டாக்டராக இருந்தவர். வெளிநாட்டுத் தூதரகத்தார் விட்டுப்போன வண்டிகளை ஏலம் விட்டபோது இந்த அமெரிக்கக் காரை எடுத்தார். ஆட்டோமேட்டிக், கிளட்ச் கிடையாது. வேதா பதினெட்டு வயதில் இதில்தான் ஓட்டப் பழகினாள். அவர் காலத்துக்குப் பிறகு வண்டி எங்களிடம் வந்தது. கியர்பாக்ஸ் உயிரை விட்டதும் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தேன். பன்னிரண்டு வருடம் அப்படியே கிடந்தது.

இதற்கிடையில் சுப்ரஜா, நான் பார்த்து வைத்த மாப்பிள்ளையை விட்டுவிட்டு வந்தாள். காரணம் சொன்னாள். எனக்கு அது காரணமாகப் படவில்லை. இரும்புலியூரில் தனியாக ஒரு வீடு எடுத்துக்கொண்டாள். இங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் கூட இருக்காது. சொந்தக்காரர்கள் நடுவில் என் மானம் கப்பலேறிய கோபத்தில், சாமி படத்துக்கு முன்னால் நின்று வேதாவிடம் சொன்னேன்: "அவ இந்த வாசல்படி மிதிக்கக் கூடாது. நீயும் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிச்சு அவளைப் பார்க்கப் போனா, அன்னிக்கே நான் செத்தேன்னு வெச்சுக்கோ."

எங்கள் மாதிரி வீடுகளில் சாமி படத்துக்கு முன்னால் சொன்ன வார்த்தைக்கு வக்கீல் நோட்டீசை விட மதிப்பு அதிகம். எட்டு வருடம் வேதா அந்த வார்த்தையைத் தாண்டவில்லை. மகளோடு போனில் பேசுவாள். பேசி முடித்ததும் புடவைத் தலைப்பால் போனைத் துடைத்து அலமாரியில் வைப்பாள்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் வேதாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை, இடது கால் இரண்டும் பலமிழந்தன. பிசியோதெரபி செய்ய அமலராணி என்று ஒரு பெண் தினமும் வருவாள். அவள்தான் ஒரு நாள் விளையாட்டாக, "வலது கால் நல்லா இருக்கும்மா. கியர் இல்லாத வண்டின்னா நீங்க ஓட்டவே செய்யலாம்" என்றாள்.

அன்று மத்தியானம் வேதா என்னிடம் கேட்டாள். நாக்கு லேசாகக் குழறும். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தெளிவாகச் சொன்னாள்.

"பஸ்ல போகக் கூடாதுன்னீங்க. ஆட்டோல போகக் கூடாதுன்னீங்க. எங்கப்பா வண்டில நானே ஓட்டிட்டுப் போனா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு வருடமாக அந்த வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டை கண்டுபிடித்திருக்கிறாள். "சரி, வண்டி ரெடியானா போ" என்றேன். அவள் சாமி படத்தைக் கையால் காட்டினாள். அதன் முன்னால் நின்று இன்னொரு முறை சொன்னேன்.

மறுநாளிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பழக ஆரம்பித்தாள். தரையில் இரண்டு ரப்பர் செருப்பு. ஒன்று பிரேக், ஒன்று ஆக்சிலேட்டர். வலது காலை இதிலிருந்து எடுத்து அதில் வைப்பாள், அதிலிருந்து எடுத்து இதில் வைப்பாள். காலை அரை மணி, சாயங்காலம் அரை மணி. எனக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை.

இரும்புலியூர் போகும் ஜி.எஸ்.டி. ரோட்டின் போக்குவரத்து உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் செயலிழந்த மனுஷி அதில் வண்டி ஓட்டலாமா? நீங்களே சொல்லுங்கள். நான் கவலைப்பட்டதில் நியாயம் இருக்கிறது.

செம்பாக்கத்து ஹாஜா மைதீனைக் கூப்பிட்டேன். பழைய வண்டிகளுக்கு அவனை விட்டால் ஆள் இல்லை. பழைய பாக்ஸைப் பிரித்துப் பார்த்து, தேறாது, மாற்றத்தான் வேண்டும் என்றான். "சார், பாக்ஸும் டார்க் கன்வர்ட்டரும் ஜோடி. பிரிச்சு வாங்குனா பேஜாரு. ஜோடியா எங்க கீதுன்னு நான் தேடறேன்" என்றான். அந்தக் கன்வர்ட்டர் என்பது வேறொன்றுமில்லை. இரண்டு மேசை விசிறியை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓடவிட்டால் மற்றது தானாகச் சுற்றும் அல்லவா, அதையே எண்ணெய்க்குள் செய்கிற உருண்டை. "நீ அலைய வேண்டாம், வாங்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். அவன் நம்பினான். என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் நம்புவார்கள்.

முதல் பாக்ஸைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் எடுத்தேன். ஒரே கடையில் இரண்டு இருந்தன. ஒன்றில் எண்ணெய் சிவப்பாகச் சுத்தமாக இருந்தது. இன்னொன்றில் எண்ணெய் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தது. கறுத்ததை எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வருமுன் அதில் புது எண்ணெய் மாற்றினேன். மாட்டிப் பார்த்ததில் வண்டி கேட்டைக் கூடத் தாண்டவில்லை. அதில் இரண்டு மாதம் போயிற்று.

இரண்டாவது நல்ல பாக்ஸ். ஆனால் அதன் கன்வர்ட்டரை அங்கேயே விட்டுவிட்டு வேறொன்றை எடுத்து வந்தேன். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உள்ளே பல் எண்ணிக்கை வேறு. ஹாஜா அதோடு ஐந்து வாரம் மல்லுக்கட்டினான். "என் கணக்கு எங்கியோ இடிக்குது சார்" என்று தலையில் அடித்துக்கொண்டான். ஒரு நாள் கூட அவன் என்னைச் சந்தேகிக்கவில்லை. வேதா மட்டும் செருப்பின் மேல் கால் மாற்றிப் பழகுவதை நிறுத்தவேயில்லை.

மூன்றாவதை ஹாஜா எனக்குச் சொல்லாமல் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்துவிட்டான். ஜோடியாக, அருமையான பாக்ஸ். அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. கன்வர்ட்டரைப் பாக்ஸுக்குள் தள்ளும்போது மூன்று முறை 'டக்' என்று உள்ளே இறங்க வேண்டும். இறங்கியது, நானும் கேட்டேன். வெளியே நழுவாமல் இருக்கக் கம்பி போட்டுக் கட்டினான். மணியைப் பார்த்தான். "ஜும்மாவுக்குப் போயிட்டு வந்து என்ஜின்ல சேத்துடறேன் சார். அதுவரைக்கும் யாரும் தொடாம பாத்துக்கங்க" என்றான். உள்ளே போய் வேதாவிடம், "அம்மா, நாளைக்கு நீங்க ஓட்டலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் அழுதாள்.

நான் கொட்டகைக்குப் போனேன். கம்பியை அவிழ்த்தேன். கன்வர்ட்டரை ஒரு அங்குலம் வெளியே இழுத்தேன். பிறகு கம்பியை அவன் கட்டியிருந்த மாதிரியே கட்டினேன். இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை. வகுப்பில் முப்பத்தொரு வருடம் பிள்ளைகளிடம் "இப்படி மட்டும் செய்துவிடாதீர்கள்" என்று சொல்லிக்கொடுத்த தவறு அது.

கொட்டகை சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே. வேதாவின் நாற்காலி அந்த ஜன்னலோரம்தான் இருக்கும். அந்த நேரத்தில் அவள் கண்ணயர்ந்திருப்பாள். நான் உள்ளே வந்தபோது விழித்திருந்தாள். என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கியர் எண்ணெயின் சிவப்பு எளிதில் போகாது.

"கையைக் கழுவிட்டு வாங்க" என்றாள். "சோப்பு போட்டு."

மூன்று மணிக்கு ஹாஜா வந்தான். கம்பி கட்டியபடி இருக்கவே அளந்து பார்க்காமல் இரண்டையும் சேர்த்து போல்ட்டை இறுக்கினான். ஸ்டார்ட் செய்ததும் உள்ளே ஏதோ முறிந்த சத்தம். எண்ணெய் கொட்டகைத் தரையெல்லாம் ஓடியது. அவன் அதிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"மூணு தபா உக்காந்துச்சு சார். என் கையாலயே பாத்தேன். என் கை போயிடுச்சு சார்" என்று அழுதான். வேதா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்து வந்தாள். பக்கவாதத்துக்குப் பிறகு அவள் தனியாக நடந்தது அன்றுதான். "உன் கைல தப்பில்ல தம்பி. எனக்குத் தெரியும்" என்றாள். அவளுக்கு இளகிய மனசு. யார் அழுதாலும் ஆறுதல் சொல்லிவிடுவாள்.

ஹாஜா அதற்குப் பிறகு கியர்பாக்ஸ் எதையும் தொடுவதில்லை. பஞ்சர் ஒட்டுகிறான்.

வேதா அந்த இரண்டு செருப்பையும் எடுத்து வாசலில் போடும்படி அமலராணியிடம் சொன்னாள். அவளையும் இனி வர வேண்டாம் என்றாள். இருபத்து மூன்றாம் நாள் மறுபடி பக்கவாதம் வந்தது, அன்றே போய்விட்டாள். தகவல் சொன்ன பத்தாவது நிமிஷம் சுப்ரஜா வந்து நின்றாள். அவ்வளவு பக்கம். அன்று நான் அவளை வாசலில் தடுக்கவில்லை.

ரோடு ஆபத்து என்று எழுதினேன். அது பொய்யில்லை. ஆனால் போனால் வேதா திரும்பி வரமாட்டாள் என்று பயந்தேன். அதுதான் நிஜம். இப்போது அவள் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். அவள் இல்லாமல் எனக்கு எதுவும் தெரியவில்லை, ஷ்யாம்சுந்தர். உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று கூடத் தெரியவில்லை.

வேலையை ஹாஜா மைதீனிடமே கொடுங்கள். மூன்றையும் கெடுத்தது நான். இந்தக் கடிதத்தை அவனிடம் காட்டுங்கள்.

வேதா இதைத் தெரிந்துகொள்ளாமலே போனாள் என்பது ஒன்றுதான் எனக்கு மிஞ்சியிருக்கும் ஆறுதல். அந்த இருபத்து மூன்று நாளும் அவள் என்னிடம் பேசவில்லை என்பது உண்மைதான். நாக்கு குழறியதால் இருக்கும். தெரிந்திருந்தால், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று ஒரு வார்த்தையாவது கேட்டிருப்பாள்.

இப்படிக்கு,
ஸ்ரீரங்கன்