ஏறிய நாடியும் இறங்கிய அழுத்தமும்

அவைக்கு அணியாய்த் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே! எங்கள் அவசரப் பிரிவுக்குப் புதிய கண்காணிப்புக் கருவிகளை அள்ளிக் கொடுத்திருக்கும் அன்பர்களே! உறக்கத்தை ஊருக்குக் கொடுத்துவிட்டு உழைக்கும் செவிலியச் சகோதரிகளே! வாசல்வரை நிறைந்து நிற்கும் பெரியோர்களே, தாய்மார்களே! இருகரம் கூப்பி வணங்குகிறேன்.

கருவிகளைப் பாராட்டிப் பேசச் சொன்னார்கள். பாராட்டுகிறேன். அடிபட்டு வருகிறவரின் நாடி, இரத்த அழுத்தம், மூச்சு, நினைவு, இவற்றை வந்தவுடன் பார்த்தால், பிழைப்பாரா மாட்டாரா என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். சொல்லிவிடலாம் ஐயா! சொன்ன பிறகு?

சென்ற ஆண்டு, ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பழுதுபார்த்த இருவர் மேலிருந்து விழுந்தார்கள். ஒருவர் மெக்கானிக், மற்றவர் அவர் மனைவியின் அண்ணன். அண்ணனுக்குக் கால் முறிந்திருந்தது. அலறல் தெருமுனைவரை கேட்டது. மெக்கானிக் உடம்பிலோ ஒரு கீறல் இல்லை. "டாக்டர், மச்சானை முதல்ல பாருங்க. எனக்கு ஒண்ணுமில்ல, தாகமாத்தான் இருக்கு" என்றார்.

யாரை முதலில் பார்ப்பீர்கள்? முன்வரிசையில் ஓர் அம்மா, 'கால் ஒடிஞ்சவரை' என்கிறார். தாயே, அந்த அலறலைக் கேட்ட எவரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் மெக்கானிக்கின் நாடி நூற்று நாற்பதில் பறந்தது. அழுத்தம் எண்பதில் கிடந்தது. வயிற்றுக்குள் இரத்தம் கொட்டுகிறது! உடனே அறுத்துத் தைக்க வேண்டும். இருந்ததோ ஒரே அறுவை அரங்கு, ஒரே அறுவை மருத்துவர். அவர் உள்ளே இன்னோர் உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேறு மருத்துவமனைக்கு அனுப்பினால் பாதி வழி தாங்காது. கையிருப்பு இரத்தத்தை ஏற்றினோம். ஏற்றியதெல்லாம் உள்ளே கசிந்தது.

மனைவி ஓடி வந்தார். "பேசிக்கிட்டுதானே இருக்காரு! ஏன் எல்லாரும் முகத்தை இப்படி வச்சிருக்கீங்க?"

உண்மையைச் சொன்னேன். "பக்கத்துல உட்காருங்கம்மா. கையை விடாதீங்க."

மெக்கானிக் எங்கள் பழைய கருவியின் திரையைப் பார்த்துச் சிரித்தார். "ஒரு நம்பர் ஏறுது, ஒரு நம்பர் இறங்குது. நம்ம லிஃப்ட் மாதிரியே மக்கர் பண்ணுதே!"

அடிக்க ஓங்கிய கையால் மனைவி அவர் நெற்றியைத் துடைத்தார்.

"பாப்பாவுக்கு ஷூ பத்தலையாம். ஒரு சைஸ் பெருசா வாங்கு."

"நீங்களே வந்து வாங்குங்க."

அவர் கண்கள் செருகின. அறுவை மருத்துவர் ஓடி வந்தபோது நான் அந்த மார்பை அழுத்திக்கொண்டிருந்தேன். அழுத்தி அழுத்தி ஓய்ந்தேன்.

கணிப்பு பலித்தது! பலித்ததால் பிழைத்தது யார்? அந்த அண்ணன் இன்றும் ஊன்றுகோலோடு வந்து கேட்கிறார்: "நான் கத்துனதாலதான் மாப்பிள்ளையைக் கவனிக்காம விட்டீங்களா?" இல்லை, மாப்பிள்ளையைத்தான் முதலில் பார்த்தோம் என்றால் நம்புவதில்லை. நம்பினால் இன்னும் வலிக்கும். பார்த்தோம், தெரிந்தது, தவித்தோம்!

வேண்டாம், கைதட்டாதீர்கள். கண் கொடுத்தீர்கள்; கை கொடுங்கள்! இரண்டாவது அரங்கு கொடுங்கள், இரண்டாவது மருத்துவரைக் கொடுங்கள், இரத்தம் கொடுங்கள்! கேட்டுக் கேட்டு ஓய்ந்தவன் நான். கிடைக்கும் என்ற நம்பிக்கையில் இன்றும் கேட்கவில்லை. கிடைக்காவிட்டால், இந்தப் புதுக் கருவிகள் யார் சாகப்போகிறார் என்பதை இன்னும் தெளிவாகக் காட்டும். இன்னும் விரைவாகக் காட்டும். நாங்கள் கட்டிலருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, இன்னொரு மனைவியை உட்காரச் சொல்வோம்.

கலகலப்பான விழாவில் கனத்த பேச்சைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கு நன்றி. வணக்கம்.