விஷம் வைத்தவளுக்கு வக்காலத்து

"தம்பிக்கு விஷம் வச்சதுல என்னடி தப்பு? அவன் மட்டும் யோக்கியனா?"

சாயல்குடி பஸ்ஸில் என் சீட்டை ஒட்டி நின்ற இரண்டு கல்லூரிப் பெண்களில் கண்ணாடி போட்டவள்தான் கேட்டாள். ஐந்து நிமிடம் முன்பு அவளிடம்தான் தண்ணீர் வாங்கிக் குடித்திருந்தேன்.

"அதுக்காக அடுத்தவனுக்கு உள்ளதப் புடுங்கலாமாடி? அநியாயம்!" என்றாள் தோழி.

எனக்கு நாக்கு கசந்தது, வயிறு இழுத்தது. உத்தரகோசமங்கை விலக்கிலேயே இறங்கிவிடலாம் என்று எழுந்தேன்.

கண்டக்டர் குறுக்கே வந்தார். "ஏத்தா, அந்தச் சூனியக்கார ராணி தன் புள்ளைக்கு நாடு கெடைக்கணும்னுதான தம்பிக்கு விஷம் வச்சா! நானும் அந்த சீரிஸத்தான் பாத்துட்டு வாரேன். முடிவச் சொல்லிப்புடாதீக."

சீரிஸா! வயிற்றுவலி அந்த நொடியே பறந்துவிட்டது. நிம்மதியாக உட்காரத் திரும்பினேன்.

என் சீட்டில், நியாயம் பேசிய தோழி ஜன்னலோரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.