பதில் குடுக்காத வீடு

நடுச்சாமம் தாண்டிருச்சு... கவுஞ்சியில இருந்து பூண்டி போற மலை ரோடு. ஒரு பக்கம் சோலைக்காடு, இன்னொரு பக்கம் பள்ளம். கார்த்திகை மழை. லைட்டப் போட்டா வெளிச்சம் பனி மேலதான் விழுது, ரோட்டுல விழ மாட்டேங்குது. அந்த நேரத்துல ஒத்தையா மினி லாரிய ஓட்டிக்கிட்டுப் போறான் தனசேகரு...

ஏலே மனோஜு, அந்த டார்ச்ச அணைச்சுத் தொலை. விழுந்து கெடக்குற மரத்த அறுக்க விடிஞ்சுதான் ஆளு வரும், அதுவரைக்கும் பேட்டரி வேணும்ல? டூரிஸ்ட் வேன் ஓட்டுற பயலுகளுக்கு ஒரு ராத்திரி ரோட்டுல கெடந்து பழக்கமில்ல. நெருப்புக்குப் பக்கத்துல வந்து உக்காரு. அட்டைப் பெட்டிய மொத்தமாப் போடாத, கிழிச்சுக் கிழிச்சுப் போடு.

தனசேகரு யாருன்னா, நம்ம ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு லோடு அடிக்கிறான்ல மயில்சாமி, அவனுக்கு மச்சினன். மயில்சாமி பொண்டாட்டி கூடப் பொறந்தவன். பொய் பேசத் தெரியாத பய. ரெண்டாயிரத்து நாலுல நடந்தது இது. போன வருசம் மயில்சாமி வீட்டுக்குப் போயிருந்தப்ப தனசேகரே எங்கிட்டச் சொன்னான். அவன் அக்கா ஒரே ஒரு டீயக் கொண்டாந்து எங்கையில குடுத்துட்டு, தம்பிய ஏறிட்டும் பாக்காம உள்ள போயிருச்சு. அக்கா தம்பிக்குள்ள ஏதோ சண்டைன்னு நெனைச்சுக்கிட்டேன்.

அவன் சொல்லச் சொல்ல எனக்குக் கோவந்தான் வந்துச்சு. இப்ப நெனைச்சாலும் வயிறு எரியுது. பேய் மேல எனக்கு ஒரு கோவமும் இல்லப்பா... கேளுங்க.

ஒரு வளைவு திரும்புறான். ரோட்டோரத்துல ஒரு பொம்பள. மழைக்குச் சாக்க மடிச்சுத் தலையில மாட்டியிருக்கா. கை காட்டல. சும்மா நிக்குறா. இவன் பிரேக்க அழுத்திட்டான். வண்டி நின்னுருச்சு... வைப்பர் மட்டும் கிரீச்... கிரீச்...

"அண்ணே, பூண்டியில எறக்கி விட்டுருவீகளா? எங்க அம்மாவுக்கு ரொம்ப முடியலயாம்."

ஏத்திக்கிட்டான். கேபினுக்குள்ள ஈரச் சாக்கு வாடை. பிளாஸ்டிக் பைய மடியில வச்சுக்கிட்டு, இருமிக்கிட்டே வந்தா. நெஞ்சுல சளி கட்டுன இருமல்.

"கால் இருந்துச்சாண்ணே?"ன்னு கேக்குறான் பாரு இந்த மனோஜு! இருந்துச்சுலே. ரெண்டு காலும் இருந்துச்சு. செருப்பு வாரு அந்துபோயி ஊக்கு குத்தியிருந்தா. போதுமா? தனசேகரு ஒரு பன்னு வச்சிருந்தான், குடுத்தான். தின்னா. தண்ணி கேட்டா, குடிச்சா. பேய் பன்னு திங்குமா? அதத்தான் நானும் கேக்குறேன்.

பேரு அன்னக்கொடி. பூண்டியில பூண்டு வெள்ளாமை பண்ற பழனிச்சாமி மக. தனசேகரு லோடு எடுக்கப் போறதே அந்தப் பழனிச்சாமி வீட்டுக்குத்தான். சரி, ஒரே எடம், எறக்கி விட்டுறலாம்னு நெனைச்சான். அப்பத்தான் அவ மெதுவாச் சொன்னா... "எங்க வீட்டுல என்னையப் பேயிம்பாங்கண்ணே. நீங்க பயந்துறாதீக."

என்ன சேதின்னா, எஸ்டேட்டு வேலைக்கு வந்த மகேந்திரன்னு ஒருத்தன அவ கட்டிக்கிட்டா. இலங்கைத் தோட்டத்துல இருந்து திரும்பி வந்த குடும்பம். இவங்க ஆளுக இல்ல. அவ்வளவுதான் குத்தம். என்ன, கொலையா பண்ணிட்டா? பிடிக்கலேன்னா தலைமுழுகிட்டுப் போறது எல்லா ஊருலயும் உள்ளதுதான். இந்தப் பழனிச்சாமி அதோட விடல. உசுரோட இருக்குற மகளுக்குக் காரியமே செஞ்சுட்டாரு! பந்தல் போட்டு, போட்டோவுக்கு மாலை போட்டு, மகனுக்கு மொட்டை அடிச்சு, ஊரக் கூப்பிட்டுச் சோறும் போட்டாச்சு. ஊரும் வெக்கமில்லாமத் தின்னுட்டுப் போச்சு.

அப்புறம் அவ வாசல்ல வந்து நின்னா என்னன்னு சொல்றது? மகதான்னு ஒத்துக்கிட்டா செஞ்ச காரியம் பொய்யாயிரும். ஊருல தலை காட்ட முடியாது. அதனால பேயின்னு சொல்லிட்டாங்க. நிலைப்படியில வேப்பிலை கட்டியாச்சு, பழைய செருப்பு கட்டியாச்சு. அவ வந்து கூப்பிட்டா வீட்டுல யாரும் பதில் குடுக்கக் கூடாது. குடுத்தா, குடுத்த ஆளும் செத்ததுக்குச் சமம். இது அந்த வீட்டுச் சட்டம். மொதல்ல நடிச்சிருப்பாங்க. போகப் போக நெசமாவே நம்பிட்டாங்க. ஆறேழு வருசமா இந்தக் கூத்து.

"எங்க அம்மா ஒரே ஒரு தடவ என்னடீன்னு கேட்டாப் போதும்ணே. அது போயிச் சேர்றதுக்குள்ள அத ஒண்ணக் கேட்டுட்டா, நான் அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டேன்"னு சொல்லியிருக்கா. இவனுக்கு மனசு கேக்கல. "வா தாயி, நான் கேக்குறேன் ஒங்க அப்பன்கிட்ட"ன்னு ஜம்பமாக் கூட்டிட்டுப் போயிட்டான்.

வீடு வந்துச்சு. வாசல்ல நின்னு "யம்மா..."ன்னா. உள்ள பேச்சு மூச்சில்ல. இவன் போயிக் கதவத் தட்டினான். ஒடனே தொறந்துட்டாரு பழனிச்சாமி. உள்ள பூண்டு வாடையும் புகையும் குப்புன்னு அடிக்குது. அங்கெல்லாம் அடுப்புக்கு மேல பரண்ல பூண்டக் கட்டுக் கட்டாத் தொங்க விட்டுப் புகை போடுவாங்க, கெடாம இருக்கும். அந்த அடுப்போரத்துல பாயில கெடக்கு அவ ஆத்தா காளியாயி. எலும்பும் தோலுமா.

"வாங்க ட்ரைவரே. இந்த மழையில தனியாவா வந்தீக?"

பின்னாடியே நிக்குறாப்பா மக! கையெட்டுற தூரத்துல நிக்குறா!

"இல்லைங்க, ஒங்க மகளும் வந்திருக்கு"ன்னான் இவன். ஒருத்தர் மூஞ்சியும் அசையல. மருமக முருகேஸ்வரி எந்திரிச்சா. ஒரு கை வரமிளகாயை அள்ளி நெருப்புல போட்டா. அது அவங்க சோதனை. உசுருள்ள ஆளுன்னா நெடி ஏறி இருமணும். இருமல் வரலேன்னா அது மனுசப் பொறப்பு இல்ல. மிளகா சடசடன்னு வெடிச்சுக் கருகுது. பழனிச்சாமி இருமுறாரு, மருமக இருமுறா, இவனுக்குக் கண்ணுலயும் மூக்குலயும் தண்ணி. வாசல்ல அன்னக்கொடி நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு, குனிஞ்சு, நிறுத்தாம இருமுறா.

"பாருங்கய்யா, இருமுதுல்ல! ஒங்க சோதனையிலயே ஜெயிச்சிருச்சுல்ல!"ன்னு இவன் கத்துறான்.

பழனிச்சாமி காத வாசப்பக்கம் திருப்பி, சாவகாசமாக் கேட்டாராம். "எதச் சொல்றீக? மழைச் சத்தமா?"

செவுத்துல முட்டிக்கலாம் போல இருந்துச்சாம் இவனுக்கு. கேட்டுக்கிட்டிருந்த எனக்கே இருந்துச்சு. என்ன ஜென்மங்களோ!

ஆத்தாக்காரி கண்ணு மட்டும் வாசல்லயே கெடக்கு. ஒதடு அசையுது. இப்பச் சொல்லிரும், இப்பச் சொல்லிரும்னு இவன் பாக்குறான்... பழனிச்சாமி சத்தம் போடல. "காளியாயி, திரும்பிப் படு." அவ்வளவுதான். அது செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துருச்சு. அடப் பாவி மனுசி! ஒத்த வார்த்தைதானே?

இவன் வெளிய வந்துட்டான். மூட்டை தூக்குற ஆளுக வந்தாச்சு. அன்னக்கொடி லாரி டயரு பக்கத்துல குத்தவச்சு உக்காந்திருக்கா. "வா தாயி, ஒன் புருசன்கிட்டயே கொண்டுபோயி விட்டுறேன்"ன்னான். "இன்னும் ஒரு தடவ கூப்பிட்டுப் பாத்துட்டு வாறேண்ணே"ன்னா. மூட்டை தூக்குற ஆளுக அவ கிட்ட வந்ததும் ஒதுங்கி, சுத்திப் போறாங்க. ரோட்டுல குழி இருந்தா ஒதுங்குவோம்ல, அப்படி. ஒருத்தன் கண்ணும் அவ மேல படல. அதுல ஒருத்தன் தோள்ல மூட்டையோட நின்னு கேட்டான்.

"யாருகிட்டப் பேசுறீக ட்ரைவரே?"

இவன் என்ன சொல்லியிருக்கணும்? இந்தா இருக்காளேன்னு சொல்லியிருக்கணும். ஆனா தூக்கமில்ல, குளிரு நடுக்குது, வெள்ளனே மார்க்கெட்டுக்குப் போயாகணும், அந்த வீட்டோட மல்லுக்கட்டி மல்லுக்கட்டிச் சலிச்சுப் போச்சு. வாயில வந்துருச்சு.

"யாருமில்லப்பா. வெரசா ஏத்து."

இருமல் நின்னுபோச்சு.

திரும்பிப் பாக்குறான். டயரு பக்கத்துல சாக்கு கெடக்கு. ஊக்கு குத்துன செருப்பு கெடக்கு. ஆளு இல்ல. டார்ச்ச அடிச்சு லாரிக்கு அடியில, வேலியோரம், பள்ளத்துப் பக்கம் எல்லாம் தேடுறான். "தாயி... தாயி..."ங்குறான். மழைதான் பேயுது.

அப்ப அடுப்படியில இருந்து ஒரு சத்தம்...

"என்னடீ... அன்னக்கொடி... என்னடீ?"

காளியாயி. படுக்கையில கெடந்த மனுசி அத்தன சத்தமாக் கத்துது. "எங்கடி நிக்குற? கூப்புடுடி. அம்மா கேக்குறேன்ல... இன்னொருக்கா கூப்புடுடி..."

மூட்டை தூக்குன ஆளுக நின்ன எடத்துலயே நின்னுட்டாங்க. எல்லாருக்கும் கேட்டுருச்சு. ஒருத்தன் தலைத்துண்ட அவுத்துக் கையில வச்சுக்கிட்டு, "பதில் குடுத்துருச்சு..."ன்னான். பழனிச்சாமி வெளிய எட்டிப் பாத்துட்டு மெதுவாக் கதவச் சாத்துனாரு. இந்த ஒரு வார்த்தைய அரை மணி நேரம் முன்னாடி சொல்லியிருந்தா என்ன? ஆத்திரமா வருதா இல்லையா?

எறங்கி வரும்போது மகேந்திரன் இருக்குற எஸ்டேட்டு லயத்து வீட்டுக்குப் போயிருக்கான் தனசேகரு. சேதியச் சொன்னான். "அவ இன்னும் வந்து சேரலண்ணே. எங்கயும் கண்டீங்களா?"ன்னு இவனையே திருப்பிக் கேட்டிருக்கான் அந்த மகேந்திரன். போலீசுக்குப் போனாங்களான்னு கேக்காத மனோஜு, போனாங்க. "செத்துப் பல வருசம்னு ஊரே சொல்லுது, யாரய்யா தேடச் சொல்றீங்க?"ன்னு அனுப்பிட்டாங்க.

இவனுக்குத் தன் வாயில வந்த அந்த "யாருமில்ல"தான் காதுலயே நிக்குது. தை மாசம் லோடு எடுக்குற சாக்குல மறுபடி போனான். அந்த ஆத்தாக்காரியவாவது பாத்துட்டு வரணும்னு. இந்தத் தடவ பட்டப் பகல். நல்ல வெயிலு.

வாசல்ல பந்தக்கால் நட்ட குழி. தென்ன ஓலை காஞ்சு கெடக்கு. உள்ள செவுத்துல அன்னக்கொடி போட்டோ, அதுக்குப் பக்கத்துல புதுசா ஒரு போட்டோ. காளியாயி. மாலை போட்டு, பொட்டு வச்சு.

"எப்பங்க ஆச்சு?"ன்னான்.

"கார்த்திகையில. நீங்க லோடு ஏத்துன அன்னைக்கே முடிஞ்சிருச்சு"ன்னாரு பழனிச்சாமி. "காரியமெல்லாம் நல்லபடியாச் செஞ்சாச்சு. சோறு ஊருக்கே பத்தல."

சரின்னு தலையாட்டிட்டுத் திரும்புறான்... அடுப்போரத்துல இருந்து,

"தண்ணி..."

அதே பாய். அதே புகை. அந்த மனுசி கண்ணத் தொறந்துக்கிட்டுக் கெடக்கு. ஒதடு வெடிச்சுக் கெடக்கு. முருகேஸ்வரி அடுப்பு ஊத வந்தவ, அவளத் தாண்டிக் காலெடுத்து வச்சு, ஊதிட்டு, தாண்டித் திரும்பிப் போனா. "ஏம்மா, தண்ணி கேக்குதும்மா!"ங்குறான் இவன். அவ சோலியப் பாக்குறா. "ஐயா, ஒங்க சம்சாரம் உசுரோட இருக்குய்யா!" பழனிச்சாமி ஈ ஓட்டுற மாதிரி கைய வீசிட்டுப் போறாரு.

"தண்ணி... யாராவது..."

இந்தத் தடவ இவன் யோசிக்கல. "இந்தா வாறேன் ஆத்தா. நான் கேக்குறேன். கூப்புடு, நான் இருக்கேன்"ன்னு சொல்லி, சொம்புல மோந்து, தலையத் தூக்கி மடியில வச்சு ஊட்டுனான். குடிச்சுது. மடக்கு மடக்குன்னு தொண்டையில எறங்குறது தெரிஞ்சுதாம். "நீயாவது பேசுனியே சாமி"ன்னு சொல்லிச்சாம். ஒடம்பு சூடா இருந்துச்சாம்ப்பா. மனுசச் சூடு.

நிமிந்தான். நேரெதுக்க நிக்குறாரு பழனிச்சாமி. இவனத்தான் பாக்குறாரு... இல்ல. இவனத் தாண்டி வாசல்ல நிக்குற லாரியப் பாக்குறாரு.

"முருகேஸ்வரி, வண்டி மட்டும் நிக்குது. ட்ரைவரு எங்கத்தா போயிட்டாரு?"

முருகேஸ்வரி மிளகா டப்பாவத் தொறந்தா. ஒரு கை அள்ளி அடுப்புல போட்டா. சடசடன்னு வெடிச்சுக் கருகிச்சு. வீடு பூரா புகை. பழனிச்சாமி துண்டால வாயப் பொத்திக்கிட்டு இருமுறாரு. அவ கண்ணு செவந்து இருமுறா.

தனசேகரு கையில சொம்போட அந்தப் புகைக்கு நடுவுல நின்னுக்கிட்டே இருந்தான்... இருமிப் பாத்தான்... இருமல் வரல.