காரணம் எழுத ஒரே ஒரு வரி

அதத்தான் தங்கச்சி நானும் கேக்கறேன்! ரெண்டு வருஷமா ஊரையே பூட்டி வெச்சாங்க. சரி, வியாதி, பூட்டினாங்க. தொறக்கறப்பவாவது கொஞ்சம் கொஞ்சமா தொறக்க வேணாமா? ஏப்ரல் ஒண்ணாந்தேதி எல்லையைத் தொறந்தாலும் தொறந்தாங்க, பினாங்குல இருக்கறவங்க பூராவும் இந்த ஒரே பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசையிலதான் நிக்கறாங்க. அந்தத் தொப்பிக்காரரைப் பாரு, மடக்கு நாற்காலியே கொண்டாந்துட்டாரு. வெவரமான ஆளு!

நீ எங்க போற? சிங்கப்பூருக்கா? வேலைக்கு? நல்லது நல்லது, போயிட்டு வா. பேனா இருக்குல்ல உன்கிட்ட? ஒரு நிமிஷம் குடு. இந்தப் பாரத்துல ஒரே ஒரு வரிதான் பாக்கி, எழுதிட்டுக் குடுத்துடறேன்.

பாரமா இது... பேரு கேக்கறாங்க, சரி. அப்பா பேரு, சரி. உயரம் எதுக்கு? இந்த வயசுல வளரவா போறேன்? அப்புறம் போட்டோ! கறுப்புச் சட்டை போடு, கண்ணாடியைக் கழட்டு, சிரிக்காதேங்கறான் போட்டோக்கடைக்காரன். ரெண்டு வருஷம் முகமூடி போட்டே கெடந்த மூஞ்சி, இப்பத்தான் வெளிய வந்திருக்கு, அது சிரிக்கக்கூடாதாம். இந்தா பாரு. களவாணி மாதிரி இல்ல? சொல்லு, பரவால்ல.

இந்தா, பையில தேங்காப்பால் ஜாம் தடவின காயா பன்னு இருக்கு, ஒண்ணு எடுத்து... ஐயோ! நோன்பா? இன்னிக்கு அஞ்சாவது நாளுல்ல. மன்னிச்சுக்கம்மா, மறந்தே போயிட்டேன். எனக்கும் வேணாம், உன் முன்னாடி நின்னு நான் தின்னா நல்லாவா இருக்கும்? ...பசிக்கல எனக்கு. நெசமாத்தான்.

என்ன சொல்ல வந்தேன்? ஆங், எம்பொண்ணு. ஹுய் சான். மெல்பர்ன்ல இருக்கா. மாசக் கடைசியில பிரசவம், தலைப்பிரசவம். இருபத்தொண்ணாந்தேதி எனக்கு ஃபிளைட். இன்னும் பதினாலே நாளு! தெனம் போன்ல நச்சரிப்பு. "அம்மா, ஊசி போட்ட சான்றிதழ் எடுத்தியா? மூக்குல குச்சி விட்டுப் பாக்கணுமே, எடம் பாத்தியா? இஞ்சி கொண்டாராதே, பன்றிக்கறி வத்தல் கொண்டாராதே, அங்க புடுங்கிக்குவாங்க." எல்லாத்தையும் சொன்னவ, பாஸ்போர்ட்டைப் பத்திரமா வெச்சுக்கன்னு மட்டும் சொல்லல பாரு! அதச் சொல்லியிருந்தா நான் இன்னிக்கு இங்க நிப்பேனா?

தொலைஞ்சு போச்சு தங்கச்சி. அதான். வெச்ச எடத்துல காணோம். போலீசுலயும் அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கேன். ஆனா இந்தப் பாரத்துல பாரு, "எப்படித் தொலைந்தது, காரணம்"னு ஒரு வரி. ஒரே வரி. அதத்தான் காலையில இருந்து யோசிச்சுக்கிட்டிருக்கேன்.

எழுதறேன், எழுதறேன். உன் பேனாவை நான் எங்க தூக்கிக்கிட்டுப் போயிடப்போறேன்?

தப்பெல்லாம் அந்த ஆ சோங் மேலதான். யாரா? சாமிக்காகிதக் கடைக்காரன். உங்க ஆளுங்களுக்கு இது கெடையாது. எங்க சீனக்காரங்களுக்கு வருஷா வருஷம் செங் பெங் வரும். கல்லறையைக் கூட்டிக் கழுவி, கோழி, ஆரஞ்சு எல்லாம் படைச்சு, செத்தவங்களுக்கு என்னென்ன வேணுமோ அதைக் காகிதத்துல வாங்கி எரிக்கணும். எரிச்சா அவங்க கைக்குப் போய்ச் சேந்துடும். வீடு, காரு, சட்டை, செல்போன்... சார்ஜரோட வருது இப்பல்லாம்! போன வாரம் போனா, இந்த ஆ சோங் சொல்றான், "அக்கா, எல்லை தொறந்தாச்சு, இந்த வருஷம் பாஸ்போர்ட்டுதான் அக்கா ஜாஸ்தி போவுது"ன்னு. காகிதப் பாஸ்போர்ட்டு! செவப்பு அட்டை, தங்க எழுத்து, அப்படியே அச்சு அசல். உள்ள படம் ஒட்ட எடம்கூட விட்டிருக்கான். சாமிக்காரியத்துக்கு விக்கறவன் அவ்வளவு அசலாவா செய்யறது? கொஞ்சம் மட்டமா செஞ்சாத்தான் என்ன?

வாங்கினேன். எங்க வீட்டுக்காரருக்குத்தான். போன ஆகஸ்டுல போயிட்டாரு. இல்லம்மா, அந்த வியாதி இல்ல, நெஞ்சு வலி. காப்பியை ஆத்திக் குடுன்னு சொன்னாரு, ஆத்தறதுக்குள்ள...

சரி, அத விடு. அந்த மனுசன் கதை தெரியுமா உனக்கு? ரெண்டாயிரத்து இருவது மார்ச்சுல பொண்ணைப் பாக்கப் போறதா இருந்தோம். பொட்டியெல்லாம் கட்டியாச்சு. கிளம்ப அஞ்சு நாள் இருக்கறப்ப எல்லையை மூடிட்டாங்க. "பிரிக்காதே கெய்க் ஹூன், ரெண்டு வாரத்துல தொறந்துடுவான்"னாரு. அந்தப் பொட்டி கதவோரத்துல ஒண்ணரை வருஷம் நின்னுச்சு தங்கச்சி. தெனமும் அதுல இடிச்சுக்கிட்டு அதையே திட்டுவேன். இவரு என்னடான்னா, வாரத்துக்கு ஒரு நாள் கம்பளிக் கோட்டை எடுத்து மாட்டிக்கிட்டு வெயில்ல உக்காந்திருப்பாரு. குளிருக்குப் பழகறாராம்! பினாங்கு வெயில்ல! வேர்த்து ஊத்தும். பக்கத்து வீட்டுக்காரி எனக்கு ஆறுதல் சொல்லிட்டுப் போவா.

அவரு செத்தப்ப பொண்ணால வர முடியல. போனைச் சவப்பெட்டிக்கு நேரா புடிச்சிக்கிட்டு நான்தான் நின்னேன். அப்பா மொகத்தைக் காட்டு, இன்னும் கிட்ட காட்டுன்னா. கை நடுங்குது எனக்கு, படம் ஆடுது, அவ அழுவுறா. அந்தக் கையை இன்னும் என்னால மன்னிக்க முடியல.

அதான், இந்தத் தடவை அவரையும் கூட்டிக்கிட்டுப் போயிடுவோம்னு நெனச்சேன். நான் ஃபிளைட்டுல, அவரு அவரு வழியில. அவரு படத்தை ஒட்டி, காகிதக் கோட்டு, காகித டிக்கெட்டு எல்லாம் தயார். பாஸ்போர்ட்டை மட்டும் பழக்க தோஷத்துல என்னுதோட சேத்து ஒரே ரப்பர் பேண்டு போட்டுக் கைப்பையில வெச்சேன். என்ன சிரிக்கற? முப்பது வருஷமா அப்படித்தான்! தாய்லாந்துல ஹாட்யாய் போனாலும் சிங்கப்பூர் போனாலும் ரெண்டு பேர் பாஸ்போர்ட்டும் என்கிட்ட, ஒரே ரப்பர் பேண்டுல. அவரு பத்து அடிக்கு ஒருக்கா, "கெய்க் ஹூன், பாஸ்போர்ட்டு இருக்கா?"ம்பாரு. கையில குடுத்தா வழியிலயே எங்கயாவது வெச்சுட்டு வந்துடற ஆளு.

ஞாயித்துக்கிழமை கல்லறைக்குப் போனோம், நானும் கொழுந்தனாரும். அடேயப்பா என்ன கூட்டம்! ரெண்டு வருஷத்துக் காகிதத்தையும் ஒரே நாள்ல எரிக்கறாங்க. கண்ணு தெரியல. முகமூடி போட்டதால கண்ணாடி பூராவும் ஆவி. கொழுந்தனார் வேற பின்னால நின்னு, "சீக்கிரம் அண்ணி, மழை வருது, சீக்கிரம்"ன்னு. அந்த மனுசனுக்கு எப்பவும் அவசரம்தான். கோட்டைப் போட்டேன். டிக்கெட்டைப் போட்டேன். ரப்பர் பேண்டைக் கழட்டி... செவப்பா இருந்ததுல ஒண்ணை எடுத்து...

ம்.

போட்டேன். நல்லா எரியல அது. ஓரம் மட்டும் கருகுது, நடுவுல புடிக்கவே மாட்டேங்குது. "என்ன அண்ணி, ஆ சோங் கெட்டி அட்டையா குடுத்துட்டானே"ன்னு கொழுந்தனார் குச்சியால குத்தி விட்டாரு. நானும், "நல்லா எரியட்டும், போய்ச் சேரணும்ல"ன்னு ரெண்டு கட்டு காகிதம் மேல போட்டேன்.

வீட்டுக்கு வந்து கைப்பையைத் தொறக்கறேன், இவரு சிரிக்கறாரு. இந்தா, பாரு. காகிதம். "மேலுலக அரசாங்கம்"னு போட்டிருக்கான். படம் எங்க வீட்டுக்காரரு. இது இங்க இருந்தா அங்க எது போயிருக்கும்? நீயே சொல்லு.

யார்கிட்டயும் சொல்லல தங்கச்சி. பொண்ணுகிட்டயும் சொல்லல. உன்கிட்டதான் மொதல்ல சொல்றேன். ஆ சோங் என்ன பண்ணுவான் பாவம்... நான்தான். என் கையாலதான். எரியலைன்னு மேல காகிதம் வேற போட்டேன்.

ராத்திரி படுத்தா அதே யோசனை. அங்க வாசல்ல நின்னு பெருமையா எடுத்து நீட்டியிருப்பாரு. "இதென்ன, பொம்பளை படம் இருக்கு?"ன்னு கேட்டிருப்பாங்க. இவரு என்ன சொல்லியிருப்பாரு தெரியுமா? "என் பொண்டாட்டி. அவகிட்டதான் என்னுது இருக்கு. பின்னால வந்துக்கிட்டிருக்கா, கொஞ்சம் இருங்க"ன்னு சொல்லியிருப்பாரு. மறுபடியும் கதவோரம். மறுபடியும் காத்துக்கிட்டு... இல்ல இல்ல, அழல. கண்ணாடியில ஆவி.

ஆனா ஒண்ணு, இப்ப நான் பின்னால போறதா இல்ல. எனக்கு மெல்பர்ன்ல வேலை இருக்கு. புள்ளைய வாங்கிக்க ஒரு கை வேணும் அங்க. இந்தக் கைதான். இந்தத் தடவை நடுங்காது.

என்ன, உன் நம்பரா? கூப்பிட்டுட்டாங்களா? போ, போ! இரு, எழுதிட்டேன், இதை மட்டும் கேட்டுட்டுப் போ. மறைச்சா கேள்வி மேல கேள்வி வரும், உள்ளதை எழுதிட்டேன். "செங் பெங் அன்று தவறுதலாக என் கணவருக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு வருடம் காத்திருந்தவரால் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்க முடியவில்லை. அவரிடமிருந்து திரும்ப வாங்க வழியில்லை." சரியா இருக்கா? ஒரே வரின்னாங்க, மூணு வரி ஆயிடுச்சு, ஓரத்துல மடக்கி எழுதியிருக்கேன். ஆபீசருக்குச் சந்தேகம் வந்தா, இந்தக் காகிதப் பாஸ்போர்ட்டையே காட்டிடலாம்ல? தங்கச்சி...?

போயிடுச்சு.

பாருங்க தொப்பிக்காரரே, பேனாவை இங்கயே விட்டுட்டுப் போயிடுச்சு! இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குத் தன் பொருளைப் பத்திரமா வெச்சுக்கவே தெரியல.