மணி சொல்லும் பெட்டி

மாலை நாலு மணி. பெருமாள்மலை தாண்டிப் பிரிகிற பேத்துப்பாறை ரோடு. நாலு மணிதானே என்று சிரிக்காதீர்கள், கண்ணுகளா... மஞ்சு இறங்கிப் பனிமூட்டமாய் மூடிவிட்டால் நாலு மணிக்கே முன்னால் போகிறவன் முதுகு தெரியாது. அந்த ரோட்டில் ஒரே ஒரு பைக். ஓட்டி வந்தவன் ரெக்ஸ்.

என்னோடு விடுதிச் சமையலறையில் வேலை பார்த்தாளே கேத்தரின், அவளுடைய அக்கா மகன். கொடைக்கானல் டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். கெட்டிக்காரப் பிள்ளை... நெஞ்சில்தான் கொஞ்சம் ஈரம் குறைவு.

அவன் பையில் ஒரு பெட்டி. பேத்துப்பாறைக் கோயில் கோபுரத்துக்கு. மணிக்கொரு தரம் நேரத்தைச் சொல்லி, பைபிளிலிருந்து ஒரு வேத வசனமும் சொல்லுமே, அந்தப் பெட்டி. ரெக்ஸ் அதற்கென்று ஒரு குட்டி ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தன் கையாலேயே வெட்டிக் குறுக்கிச் செய்திருந்தான். மணி பார்க்கும், வசனம் சொல்லும், வேறு சோலி அதற்குத் தெரியாது. அதை ஏற்றி வைக்கத்தான் எஸ்.எஸ்.டி. டிஸ்க். உள்ளங்கை அகலம். உள்ளே சுற்றுகிற சக்கரம் கிடையாது. சத்தமே போடாது.

அன்றைக்குத் திருவிழாக் கொடியேற்றம். ஆறு மணிக்குப் பெட்டி பேசியாக வேண்டும். வாங்கச் சொன்ன புது டிஸ்க் வந்து சேரவில்லை. மலைப்பாதையில் மரம் விழுந்து லாரியெல்லாம் கீழேயே நின்றது. கடையில் வேறு ஒரு டிஸ்க் கிடந்தது...

அது பொன்னுத்தாயுடையது.

பேத்துப்பாறையில் பூண்டு போடுகிறவள். ஒரே மகள் ராஜகுமாரி, திண்டுக்கல்லில் நர்ஸ் படிப்பு. லீவுக்கு வந்தால் பாடத்தைச் சத்தமாய் வாசித்து லேப்டாப்பில் பதிந்து வைத்துக் கேட்பாள். நடு நடுவே அம்மாவோடு பேசியதும் அதில் விழுந்திருக்கும். வேன் பள்ளத்தில் விழுந்து அந்தப் பிள்ளை செத்துப்போயிற்று. லேப்டாப் நொறுங்கியது. டிஸ்க் மட்டும் பிழைத்தது. மகளின் குரல் இந்த உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை. அதை எடுத்துத் தரச் சொல்லித்தான் டிஸ்க்கை ரெக்ஸிடம் கொடுத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பூண்டு கொண்டுவரும்போதெல்லாம் கடை வாசலில் வந்து நிற்பாள். உள்ளே ஏற மாட்டாள், காலில் மண் என்று.

"தம்பி, கெடைச்சிருச்சாப்பா?"

பார்க்கிறேன் அக்கா, பார்க்கிறேன் அக்கா என்றே ரெக்ஸ் நாளைக் கடத்தினான். ஒரு நாள்கூட அந்த டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்கவில்லை.

அன்றைக்குத்தான் தொட்டான். எல்லாவற்றையும் அழித்து எழுதவா என்று திரை கேட்டது. எழுது என்று தட்டினான்.

இன்னொன்றும் கேளுங்கள். அவனுடைய சிஸ்டம் சின்னது. டிஸ்க்கில் ஒரு மூலையில்தான் உட்கார்ந்தது. மிச்சமெல்லாம் அப்படியே கிடந்தது. பெட்டிக்கு முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போதுதான் அது முழு டிஸ்க்கையும் வளைத்துக்கொண்டு மேலே எழுதும். அதுவரைக்கும் அந்தக் குரலை மீட்கலாம். ரெக்ஸுக்கு அது தெரியும்.

கோபுரத்தின் அடியில் பெட்டியை மாட்டிக்கொண்டிருந்தான். மணியடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை உபகாரம் பக்கத்தில் நின்று கேலி பேசினார். "ஏலே, போன பெட்டி மாதிரி விடியக்காலம் சாயந்தர செபத்தச் சொல்லிரப் போகுது. சாமியாரு என்னையத்தான் வைவாரு."

அப்போது மஞ்சுக்குள்ளிருந்து பொன்னுத்தாய் வந்தாள். பைக்கைப் பார்த்துவிட்டு, பூண்டு உரித்த கையோடு வந்திருந்தாள்.

"தம்பி, கெடைச்சிருச்சாப்பா?"

ரெக்ஸின் விரல் சுவிட்சில் இருந்தது. உண்மையைச் சொன்னால் பெட்டியைக் கழற்ற வேண்டும். ஆறு மணி தவறிப்போகும்.

"காலியாத்தான் கெடந்துச்சுக்கா."

சுவிட்சைப் போட்டான்.

அவள் அழவில்லை. அந்தப் பெட்டியில் மினுக்கிய பச்சை விளக்கையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சரிவில் இறங்கிப் போனாள்.

ஆறு மணிக்குப் பெட்டி அழகாய் நேரம் சொன்னது, வசனம் சொன்னது. கொடி ஏறியது. ஏழு மணிக்கு நேரம் மட்டும் சொன்னது. வசனம் வரவில்லை. ஒரு இரைச்சல்... யாரோ மூச்சு விடுகிற மாதிரி. பிறகு ஒரு பெண்பிள்ளை, ஏதோ வேலையிலிருந்து தலையை நிமிர்த்திச் சொல்வதுபோல,

"அம்மா, பாலு பொங்குது பாரு."

கோயில் வாசலெல்லாம் பால் தீய்ந்த வாசனை.

கீழே சரிவில் ஒரு கதவு திறந்தது. "இந்தா வாரேன்டி" என்று பொன்னுத்தாய் ஓடுகிற காலடி கேட்டது. அடுப்பங்கரைக்கு. அடுப்பு அணைந்து குளிர்ந்து கிடந்தது.

அதிலிருந்து மணிக்கு மணி அதேதான். குரல் வரும், அவள் ஓடுவாள், அடுப்பு சில்லிட்டுக் கிடக்கும். காட்டு வேலையை விட்டாள். சோற்றை விட்டாள். பிள்ளைகள் அவள் ஓடுவதைப் பார்த்துச் சிரித்தன. உபகாரம் சுவிட்சை அணைத்துப் பார்த்தார், வயரைப் பிடுங்கிப் பார்த்தார்... பச்சை விளக்கு அணையவில்லை. போன் போட்டார். "அந்தப் பொம்பள அன்னந்தண்ணி இல்லாமக் கெடக்குதுப்பா, வெரசா வந்து கழட்டு." சீசன் வேலை, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றான் ரெக்ஸ்.

சனிக்கிழமை நல்ல மஞ்சு. அன்று காலையில் அந்தக் குரல் கோபுரத்திலிருந்து வரவில்லை. எதிர்ப்பக்கம், பள்ளத்துக்கு அந்தாண்டையிலிருந்து வந்தது. பொன்னுத்தாய் அதன் பின்னாலேயே போனாள்.

மஞ்சு விலகிய பிறகுதான் பாறைக்குக் கீழே ஓடையில் அவள் உடலைக் கண்டெடுத்தார்கள். கையில் பால் சட்டி இறக்குகிற கரித்துணி. ஐஸ் மாதிரித் தண்ணீரில் அத்தனை நேரம் கிடந்த துணி... எடுத்தவர் கையைச் சுட்டது.

யாரும் அழாதீர்கள், ராசாத்திகளா. இங்கே என் பக்கம் நகர்ந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சந்தான்.

ரெக்ஸ் அப்புறம்தான் வந்து டிஸ்க்கைக் கழற்றினான். கடைக்குக் கொண்டுபோய்த் திறந்து பார்த்தான். மகளுடைய குரல் இல்லை. அவன் ஏற்றிய சிஸ்டமும் இல்லை. எதுவுமே இல்லை. காலியாகத்தான் கிடந்தது.

அவன் மூச்சு விட்டான். கடைக்குள் பால் தீய்கிற வாசனை வந்தது. வாசலுக்கு வெளியே, உள்ளே ஏறாமல்...

"தம்பி, கெடைச்சிருச்சாப்பா?"

மற்றவர்களுக்குக் கேட்காது. அவனுக்கு மட்டும், மணிக்கு மணி. பதில் சொன்னால் போய்விடும். சொல்லத் தாமதித்தால் வாசலைத் தாண்டி ஒரு எட்டு உள்ளே வரும். அவனிடம் இருந்ததும் ஒரே பதில்தான். சாப்பிடும்போது, குளிக்கும்போது, யாரோடாவது பேசும்போது, சட்டென்று திரும்பி, "காலியாத்தான் கெடந்துச்சுக்கா" என்பான். கடையை மூடிவிட்டு, கேத்தரின் அவனைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். ராத்திரி முழுக்கத் தூக்கம் கிடையாது.

ஒரு மதியம், சாப்பிட்ட களைப்பில் நாற்காலியிலேயே கண்ணசந்தான். கேத்தரின் எதிரே உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரம் மூன்று அடித்தது. அவன் எழவில்லை. தூங்கட்டும், பாவம் என்று அவளும் எழுப்பவில்லை.

வாசனை வந்தது. ரெக்ஸின் வாய் தானாகத் திறந்தது... யாரோ தாடையைப் பிடித்துத் திறப்பதுபோல.

அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது நாக்கு வெந்து தொங்கியது. உதட்டோரம் வெள்ளையாய் ஏதோ ஒட்டியிருந்தது. தொட்டாள். பாலேடு. இன்னும் சூடாக. அன்றைக்கு அந்த வீட்டில் பாலே வாங்கவில்லை.

கேத்தரின் ஆட்டோ கூப்பிட வெளியே ஓடினாள். ஆட்டோ கிடைக்காமல் அலைந்து திரும்பி வந்தபோது அவன் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நாலு அடிக்க அதிக நேரம் இல்லை. அந்த வெந்த நாக்கை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, அந்தப் பதிலைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்...

ஒரு எழுத்துகூட வரவில்லை.