சளிக்கு வைத்த சூடு

எனக்குச் சிகரெட், பீடி எந்தப் பழக்கமும் கிடையாது சார். எங்கள் வீட்டில் அடித்தது மாசிப்பத்திரிப் புகை. இலையைக் காயவைத்து இடித்து, சுருட்டுபோலக் காகிதத்தில் உருட்டிய குச்சி. சீன வைத்தியம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் ஃபிட்டராக இருக்கும் தொழிற்சாலைக்கு இயந்திரம் பூட்டச் சீனாவிலிருந்து வந்த லியூ, என் இடுப்பு வலிக்குச் செய்து காட்டினார். நுனியில் கங்கு கனியவிட்டு, தோலுக்கு இரண்டு விரல் மேலே பிடிக்க வேண்டும். சிவந்தால் எடுத்துவிட வேண்டும். வாய் பேச முடியாதவர்களுக்கு நீயாகச் செய்யாதே என்றும் சொன்னார். அவர் இயந்திரக்காரர்தானே, வைத்தியர் இல்லையே.

என் தகப்பனார் கலியன் பக்கவாதம் வந்து பதினான்கு மாதமாகப் படுக்கை. நைனா என்றுதான் கூப்பிடுவேன். பேச்சு போய்விட்டது, இடது கை மட்டும் அசையும். படுத்தே கிடந்ததில் நுரையீரலில் சளி கட்டிக் கிருமி பிடித்துவிட்டது. திருவள்ளூர் டாக்டர் அட்மிட் பண்ணச் சொன்னார். நான் வீட்டுக்கே கொண்டுவந்து, மாத்திரையையும் நிறுத்தினேன். இரண்டு வைத்தியம் சேர்த்துச் செய்தால் எது கேட்டது என்று தெரியாமல் போய்விடும்.

சளி இளகட்டும் என்று முதுகுக்கு மேல் குச்சி பிடித்த முதல் நாளே கை தவறிக் கங்கு பட்டது. நைனாவின் உடம்பு தூக்கிப்போட்டது. பிறகு கஞ்சி ஊட்டினேன். அதுவரை என் கையால் கொடுத்தால் துப்பிவிடுவார். என் மனைவி காயத்ரி கொடுத்தால்தான் விழுங்குவார். அன்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிண்ணம் முழுவதையும் விழுங்கினார். வைத்தியம் பிடித்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

அப்புறம் நான் அந்த இரண்டு விரல் இடைவெளி விடவில்லை. இடது கை குறுக்கே வந்ததால் கட்டிலோடு சேர்த்துக் கட்டினேன்.

ஒன்பதாம் நாள் காலை, அதுவரை நானே மாற்றிவந்த சட்டையை மாற்றப்போன காயத்ரி முதுகைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாங்க இது, முதுகெல்லாம் வெந்து கெடக்குது. மாமாவ கொன்னுடுவீங்களா?"

"சளி எறங்கிக்கினு கீது. நீ பேஜாரு பண்ணாத."

அவள் 108க்குப் போன் போட்டாள். கட்டில் போல்ட்டை முறுக்க வைத்திருந்த ஸ்பேனர் பக்கத்தில் இருந்தது. தாடையில் அடித்தேன். பல் இரண்டு தரையில் விழுந்தது. வாசல் பக்கம் தவழ்ந்து போனாள். பின்னந்தலையில் இன்னொரு அடி. பிழைத்துக்கொள்வாள் என்று ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்ததும் நீங்கள் சொன்னீர்கள். நல்லது.

போன் கீழே கிடந்தபடியே, "ஹலோ, எந்த ஊரும்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. நான் புதுக் குச்சி பற்றவைத்தேன். அதைப் பார்த்ததும் நைனா தானாகவே வாயைத் திறந்தார். கஞ்சி என்று நினைத்தார் போலிருக்கிறது. அவரைக் குப்புறப் புரட்டினேன். முகம் தலையணையில் அழுந்தியது. அழுந்தட்டும் என்று முழங்காலைத் தோளில் ஊன்றிக்கொண்டேன்.

மூச்சு நின்றது எனக்குத் தெரிந்தது சார். குச்சி பாதிதான் எரிந்திருந்தது. வைத்தியத்தை அரைகுறையாக விடக் கூடாதென்று, மீதியையும் அவர் முதுகிலேயே வைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.