கையப் புடிச்சாத்தான் மெடல்

பவுனு: ...கைய எடுங்க சம்மந்தி. இன்னும் விசிலே ஊதல. அதுக்குள்ள எதுக்கு என் கையப் புடிக்கிறீங்க?

அம்சா: எனக்கு மட்டும் ஆசையா? ஜோடி ஓட்டம்னா கையப் புடிச்சிக்கினுதான் முடிக்கணுமாம். இல்லன்னா மெடல் கெடையாதாம். மைக்குல கத்திக்கினே இருக்கான், காதுல விழல?

பவுனு: முடிக்கும்போது புடிச்சா போதும். இப்ப தள்ளி நில்லுங்க.

அம்சா: பொங்கலன்னிக்கி வந்த சண்டைக்கு அப்புறம் தள்ளித்தானே நிக்கிறேன்.

பவுனு: நான் ஒண்ணும் உங்களப் பாக்க வரல. பையன் பேரு குடுத்திருந்தான். இப்ப வரமாட்டேன்னுட்டான். வீணாப் போவுதேன்னு வந்தேன்.

அம்சா: நானும் அதான். எம் பொண்ணு வரலன்னுட்டா. பனியன் நல்லா இருந்துச்சு, மாட்டிக்கினு வந்துட்டேன்.

பவுனு: பொடவ மேலயா?

அம்சா: என்ன மட்டும் சொல்லுங்க! உங்க நெஞ்சுல இன்னா எழுதியிருக்குன்னு குனிஞ்சு பாருங்க. வெற்றிச்செல்வன்! மீசை ஒண்ணுதான் கொறச்சல்.

பவுனு: உங்க நெஞ்சுல தமிழ்மொழி. அந்த வாய்க்குப் பொருத்தம்தான்.

அம்சா: ஜோடியா பேரு குடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சுங்க, ரெண்டும்.

பவுனு: ம்...

அம்சா: விசிலு! ஓடுங்க, ஓடுங்க!

பவுனு: ஓடாதீங்க! நில்லுங்க. மொதல்ல எல்லாரும் போவட்டும். இந்த ராட்டினப் பார்க்கோட யானை வாய் கேட்டுல அத்தனை பேரும் ஒண்ணா நுழைஞ்சா முட்டி பேந்துடும். ஆரம்பத்துல மெதுவாப் போனவங்கதான் கடைசில ஓடுவாங்கன்னு வெற்றி சொல்லுவான்.

அம்சா: அது எம் பொண்ணு சொல்றது.

பவுனு: எம் பையன் சொன்னான், நான் கேட்டேன்.

அம்சா: அவருக்குச் சொன்னதே அவதான். பொம்மையார்பாளையம் பீச்சுல, கெஸ்ட் ஹவுஸ் வெள்ளக்காரங்களோட ஓடிப் பழகுனவ அவ. மாப்ள கல்யாணத்துக்கு முன்னாடி திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸுக்குப் பின்னாடி ஓடியிருக்காரு. அவ்ளோதான்.

பவுனு: பஸ்ஸப் புடிச்சான் இல்ல?

அம்சா: அத விடுங்க. தொடையில எண்ணெ தடவுனீங்களா?

பவுனு: சீ! இன்னா கேள்வி இது, இத்தினி ஆம்பளைங்க நடுவுல!

அம்சா: ஓடும்போது உரசி உரசிப் புண்ணாயிடும் சம்மந்தி. அப்புறம் நாளைக்கு மில்லுல காலை அகட்டி வெச்சிக்கினுதான் மாவு அரைப்பீங்க.

பவுனு: ...வெளக்கெண்ணெ தடவிக்கினுதான் வந்தேன்.

அம்சா: பார்றா! பேச்சு மட்டும் சீ!

பவுனு: மூச்சு வாங்காம வாங்க. பேசிக்கினே ஓட முடிஞ்சா அதான் சரியான வேகமாம். வாய் அடைச்சிப் போனா வேகத்தக் கொறைக்கணுமாம்.

அம்சா: அப்போ நீங்களும் நானும் சாயங்காலம் வரைக்கும் ஓடலாம்.

பவுனு: இந்த ராட்டினத்துப் பக்கம் பாக்காதீங்க. இன்னிக்கி ஓடறவங்களுக்கு ஃப்ரீன்னு ஏத்தி உட்டுடுவான். சுத்திட்டு எறங்குனா தலை கிறுகிறுன்னு வரும், அப்புறம் ஓடுனாப்லதான்... ஆமா, இது யாரு ஷூ?

அம்சா: அவளுது. எனக்குப் பெருசு. முன்னாடி துணி சுருட்டி வெச்சிருக்கேன். பந்தயத்தன்னிக்கிப் புது ஷூ போடக் கூடாதுன்னு சொல்லுவா.

பவுனு: இந்த ஷூவா! எங்க வீட்டுச் சுவத்துல இதோட தடம் இன்னும் இருக்குது.

அம்சா: அவ சுவத்துல அடிக்கல. உங்க புள்ள மேலதான் அடிச்சா. அவரு குனிஞ்சிட்டாரு.

பவுனு: குனியலன்னா மூக்கு போயிருக்கும்!

அம்சா: இனிமே நீ ஓடக் கூடாதுன்னு அவரு சொன்னா, இவ அடிக்காம மால போடுவாளா?

பவுனு: அவனுக்கு அவமானமாப் போச்சு. விழுப்புரம் பந்தயத்துல அவ முந்திக்கினா. கூட்டாளிங்க சும்மா இல்லாம, இன்னாடா, பொண்டாட்டி முதுகப் பாத்துக்கினே ஓடுனியான்னு கேலி பண்ணிட்டானுங்க.

அம்சா: அதுக்கு இவரு வேகமா ஓடணும். அவ காலக் கட்டிப்போட்டா ஆச்சா?

பவுனு: நான் சரின்னா சொன்னேன்?

அம்சா: நீங்க ஒண்ணுமே சொல்லல. மில்லு சத்தத்துல காது கேக்காத மாதிரி நின்னுக்கினு இருந்தீங்க.

பவுனு: நீங்க மட்டும்? வேன எடுத்துக்கினு வந்து பீரோவத் தூக்கிக்கினு போயிட்டீங்க. தெருவே வேடிக்க பாத்துச்சு.

அம்சா: நாங்க வாங்கிக் குடுத்த பீரோ.

பவுனு: உள்ள என் பட்டுப்பொடவ இருந்துச்சு!

அம்சா: ...இருந்துச்சு. மாம்பழக் கலரு. ஒரு கல்யாணத்துக்குக் கட்டிக்கினு போனேன். எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க.

பவுனு: அடிப்பாவி!

அம்சா: இருங்க, இருங்க... இன்னா இது? இந்தக் குகைக்குள்ளயா போறாங்க?

பவுனு: பேய் வீடாம். இதுக்குள்ள பூந்துதான் அந்தாண்ட போவணும். உள்ள ஓடாதீங்க. இருட்டு கண்ணுக்குப் பழகற வரைக்கும் நடங்க. சுவத்தத் தொட்டுக்கினே வாங்க.

அம்சா: ஐயோ! ஏதோ என் கையப் புடிக்கிது!

பவுனு: நாந்தான்.

அம்சா: எடுங்க!

பவுனு: எடுக்கட்டுமா?

அம்சா: ...வேணாம். வெளிய போனதும் எடுங்க... யம்மாடி, எலும்புக்கூடு!

பவுனு: உங்களப் பாத்து அதுதான் பல்லக் கடிச்சிக்கினு நிக்கிது. வாங்க... அப்பாடா, வெளிச்சம். பாத்து, அலைக் குளத்துத் தண்ணி டைல்ஸ் மேல அடிச்சிருக்கு. இந்த எடத்துல சிமெண்ட் தரையா பாத்துக் காலை வைங்க.

கரடி: வாங்க வாங்க! கரடியோட ஒரு போட்டோ!

பவுனு: போட்டோவுக்கு நிக்காதீங்க சம்மந்தி. நின்னா காலு புடிச்சிக்கும்.

கரடி: தண்ணியாவது குடிங்க பாட்டி.

அம்சா: யாருய்யா பாட்டி?

கரடி: இந்தக் கரடி வேசத்துத் தலைக்குள்ள இருந்து ஒண்ணும் தெரியலம்மா. கொரல வெச்சி சொன்னேன்.

அம்சா: கொரலாம்! குடு இங்க.

பவுனு: மடமடன்னு குடிக்காதீங்க. வாய நனைச்சி, ரெண்டு வாய் முழுங்கிட்டு மீதிய தலையில ஊத்திக்கோங்க.

அம்சா: சரி சரி. நீங்க இங்கயே இருங்க, பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்.

பவுனு: அதெல்லாம் ஓடறதுக்கு முன்னாடியே முடிச்சிக்கணும்!

அம்சா: முடிச்சிட்டுத்தான் வந்தேன். பேய் வீட்டுல மறுபடி வந்துடுச்சு, இன்னா பண்றது?

பவுனு: ஜல்தி போய் வாங்க... ஏம்பா கரடி, எந்த ஊரு நீ?

கரடி: முகையூரும்மா. பேரு சவுரிராயன்.

பவுனு: இப்டி ஓரமா வாப்பா, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்...

அம்சா: ...வந்துட்டேன். அங்க ஒரே கூட்டம். இன்னா, கரடியோட அவ்ளோ ரகசியம்?

பவுனு: ஊரு கேட்டேன். முகையூராம்.

அம்சா: சம்மந்தம் பேசறீங்களோன்னு நெனச்சேன்.

பவுனு: பண்ண சம்மந்தமே போதும். நடங்க.

அம்சா: ஆ... நிறுத்துங்க. கெண்டக்கால்ல நரம்பு சுருட்டிக்கிச்சு.

பவுனு: உக்காராதீங்க! உக்காந்தா எழுந்திருக்க முடியாது. என் தோளப் புடிச்சிக்கினு பாதத்த மேல மடக்குங்க... அப்டித்தான். இந்தாங்க, மல்லாட்டை உருண்டை, கடலையும் வெல்லமும் தெம்பு குடுக்கும். காலையில இன்னா சாப்ட்டீங்க?

அம்சா: கேப்பைக் கூழு. புதுசா ஒண்ணும் சாப்டாத, பழகுன சாப்பாடே சாப்டுன்னு சொல்லுவா. சொல்லுவா... இப்ப எங்க சொல்றா.

பவுனு: ...எப்டி இருக்கா?

அம்சா: ஓடறதே இல்ல சம்மந்தி. விடியக்காலையில எழுந்து கடலப் பாத்துக்கினு குந்தியிருக்கா. வெள்ளக்காரி வந்து கூப்பிடறா, வரலன்னுடறா. அலையெல்லாம் எண்ணறாளோ இன்னாவோ.

பவுனு: இவனும் அந்த நேரத்துக்கு எழுந்துடறான். ரோட்டுல போய் நிக்கிறான். ஓடறதும் இல்ல, நடக்கறதும் இல்ல. யாருக்குப்பா காத்துக்கினு இருக்கன்னு பால்காரரு கேக்கறாரு.

அம்சா: வந்து கூப்பிட வேண்டியதுதானே?

பவுனு: வெக்கம். கூப்பிட்டு, அவ வரலன்னுட்டா?

அம்சா: கூப்பிட்டாத்தானே தெரியும்! திங்கக்கெழம வக்கீலப் பாக்கப் போறேன்னு நிக்கிறா. ரெண்டு பேரையும் ஒரே எடத்துல நிக்க வெச்சா போதும். யாராவது ஒருத்தரு வாயத் தொறப்பாங்க.

பவுனு: அவங்கிட்ட நானும் எத்தினி வாட்டி சொல்லிட்டேன். பேஜாருமா, உடுங்கறான்.

அம்சா: காலு பரவால்ல இப்போ. போலாம்.

பவுனு: அரை மணி நேரமா நொண்டி நொண்டி வந்தாச்சு. அதோ, கடைசி வளைவு. ரிப்பன் தெரியுது. குடுங்க கைய.

அம்சா: இருங்க... இன்னும் கொஞ்சம் மெதுவாவே போலாம்.

பவுனு: ஏன்?

அம்சா: இன்னா அவசரம்? நமக்குப் பின்னாடிதான் யாருமே இல்லையே.

பவுனு: ஆமா... எனக்கும் ஒண்ணும் அவசரம் இல்ல.

அம்சா: பொம்ம ரயிலு அழகா இருக்கில்ல?

பவுனு: அழகா இருக்கு... சம்மந்தி, அது யாரு, கேட்டுலேர்ந்து லுங்கியத் தூக்கிக் கட்டிக்கினு ஓடியாறது? எங்க வெற்றி மாதிரியே...

அம்சா: மாதிரி இல்ல. மாப்ளதான்.

பவுனு: இவன் எதுக்கு வந்தான்? அம்மா அம்மான்னு அலறிக்கினு...

அம்சா: கோவப்படக் கூடாது. பாத்ரூம் வாசல்ல ஒரு அம்மாகிட்ட போன் வாங்கி அவருக்குப் பேசுனேன். உங்கம்மா சுருண்டு விழுந்துட்டாங்க, பேச்சு மூச்சு இல்லன்னு.

பவுனு: குத்துக்கல்லாட்டம் இருக்கற பொம்பளைய!

அம்சா: வேற இன்னா சொன்னா வருவாரு? ...ஐயையோ, அவரு பின்னாடி பாருங்க! தமிழு! வெறுங்காலோட ஓடியாறா!

பவுனு: அவன் திரும்பிப் பாத்துட்டான்... நின்னுட்டான்.

அம்சா: இவ நிக்கல. அவரத் தாண்டிட்டா. கைய ஆட்டி ஏதோ கத்தறாரே, இன்னாது? இந்த ரயிலு சத்தத்துல ஒரு எழவும் கேக்கல.

பவுனு: இருங்க... ஓடு தமிழு, ஓடு, நிக்காத, நான் பின்னாடி வர்றேன்ங்கறான்!

அம்சா: அவரு வாயாலயா? ஓடுன்னா சொல்றாரு?

பவுனு: ஓடுன்னுதான் சொல்றான் சம்மந்தி. தொண்ட கிழியக் கத்தறான்.

அம்சா: இவளும் திரும்பிப் பாக்கறா... நீ வா, நீ வான்னு கைய நீட்டறா... ஆமா, நான் மாப்ளைக்கு மட்டுந்தானே போன் பண்ணேன்? இவள யாரு வரச் சொன்னது?

பவுனு: பேசிக்கினே நிக்காதீங்க, கிட்ட வந்துட்டாங்க! கைய இறுக்கிப் புடிச்சிக்கினு ஜல்தி எம் மேல சாயுங்க... உங்களுக்கு நெஞ்சுவலின்னு கரடி போன்லேர்ந்து நாந்தான் சொன்னேன்.